தவக்காலத்தில் அந்தப் படத்தைக் காட்டலாமா?

தாராவித் தம்பி:
உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளியன்று, சிலுவைப்பாதைச் செபம் முடிந்த கையோடு எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைச் சொல்லும் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ படத்தைக் காட்டினார்கள். மெல் கிப்சன் 2004இல் எடுத்தது. ‘கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது’ என்று சிறு வயது முதல் செபமாலையில் சொல்லி வருகிறேன். அது எப்படிப்பட்ட அடி என்று அன்றுதான் உறைத்தது. அடி ஓய்ந்த பிறகு, தீர்ப்பளித்த ரோமை ஆளுநன் பிலாத்துவின் மனைவி கொடுத்த வெள்ளைத் துணிகளால் மாதாவும் மகதலா மரியாவும் கல்தரையில் மண்டியிட்டு இரத்தத்தை ஒற்றி எடுக்கிறார்கள். மண்டபத்தில் பலர் விம்மி அழுதார்கள். ஆண்டுதோறும் எல்லாப் பங்குகளிலும் காட்ட வேண்டிய படம் இது.

செம்பூர் ஆசிரியை:
தம்பி, உங்கள் கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மறைக்கல்விப் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்களா? அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று சான்றிதழ் பெற்ற படம் அது. யோவான் நற்செய்தியில் கசையடி ஒரே வரிதான். படத்திலோ அடித்து ஓய்ந்துவிட்டார்கள் என்று மூச்சு விடும்போது முள் பதித்த சாட்டையை எடுக்கிறார்கள். பிறகு உடலைப் புரட்டிப் போட்டு மீண்டும் அடிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் என்னால் செபிக்கவே முடியவில்லை. எப்போது முடியும் என்று மட்டுமே காத்திருந்தேன். நீங்கள் சொன்ன துணிக் காட்சியும் நற்செய்தியில் இல்லை. 1824இல் இறந்த ஜெர்மானியத் துறவி ஆன் கேத்தரின் எமெரிக் கண்டதாகப் பதிவான காட்சிகளிலிருந்து எடுத்தது.

தாராவித் தம்பி:
சிலுவை சுமந்து போன ஆண்டவரின் முகத்தை வெரோணிக்கா துடைத்ததும் நற்செய்தியில் இல்லை, அக்கா. அதற்காகச் சிலுவைப்பாதையில் அவளுக்கான ஆறாம் நிலையில் முழந்தாளிடாமல் போகிறோமா? ஊரில் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாடுகளை அறிவால் மட்டும் தியானிப்பது நம் வழக்கமே அல்ல. இரத்தம் ஒன்றுதான் படம் என்றும் சொல்லிவிடாதீர்கள். ஆண்டவர் சிலுவையோடு விழும்போது, சிறு பிள்ளையாக அவர் இடறி விழுந்த நாள் மாதாவுக்கு நினைவு வருகிறது. அன்று ஓடியதுபோலவே இன்றும் ஓடுகிறாள். பிள்ளை பெற்ற எவரும் அதைத் தாங்க முடியாது.

மாட்டுங்கா வாசகன்:
நான் கிறித்தவன் அல்ல. நண்பர் அழைத்துப் பார்த்தேன். மலைப்பொழிவு கண்சிமிட்டும் நேரம் வந்துபோகிறது. இந்த மனிதர் என்ன சொன்னார், அதைக் கேட்டு யார் அஞ்சினார்கள் என்பதே வெளியாளுக்குப் புரியவில்லை. அவர் படும் வேதனை மட்டுமே தெரிகிறது.

பைக்குளாக்காரன்:
எனக்கு உறுத்துவது வேறு. என் அலுவலகத்தில் எதிர் மேசையில் இருப்பவர் பெனே இஸ்ரேல் யூதர். கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடாமல் வாழ்ந்தவர்களின் வழிவந்தவர். பெரிய வெள்ளி முடிந்து திரும்பும் என்னிடம் ஒருமுறை கேட்டார்: “உங்கள் கோயிலில் இன்னும் எங்களைத்தான் குற்றம் சொல்கிறார்களா?” படம் பார்த்தபோது அந்தக் கேள்விதான் நெஞ்சில் நின்றது. பிலாத்து நொந்து நொந்து தீர்ப்பு எழுதும் நல்லவனாக வருகிறான். யூதத் தலைமைக் குரு கயபாவும் மற்றக் குருக்களும் கல்மனத்தோடு நிற்கிறார்கள். உண்மையான பிலாத்து, சமாரியர்களைக் கொன்று குவித்ததால் கி.பி. 36 வாக்கில் பதவியிலிருந்து அகற்றப்பட்டவன் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். ‘இவனுடைய இரத்தப் பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்’ என்று யூதக் கூட்டம் கத்தும் மத்தேயு நற்செய்தி வரிக்கு எதிர்ப்பு எழுந்ததும் சப்டைட்டிலை மட்டும் எடுத்தார்கள். அரமேய மொழியில் வசனம் அப்படியே ஒலிக்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லி ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டுகள் யூதரை அடித்தார்கள்! பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. நம் மண்டபங்களில் அதை யாராவது வாசித்திருக்கிறார்களா?

தாராவித் தம்பி:
மாதாவாக நடித்த மாயா மோர்கன்ஸ்டெர்ன் ருமேனிய யூதப் பெண்மணி, அண்ணா. சிலுவை சுமக்க உதவும் சீமோனும் யூதர். அடிப்பதை நிறுத்தாவிட்டால் சுமக்க மாட்டேன் என்று படைவீரர்களிடம் கத்துபவர் அவர்தான். ஆணி அடிக்கும் காட்சியில் தெரிவது கிப்சனின் சொந்தக் கை. அறைந்தது என் பாவம் என்பதுதான் அதன் பொருள். நான் யார்மேலும் வெறுப்போடு வெளியே வரவில்லை.

பைக்குளாக்காரன்:
நீங்கள் வரவில்லை, நம்புகிறேன். உங்கள் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி நீங்கள் உறுதி சொல்ல முடியாது. மாதா யூதப் பெண் என்பது பார்ப்பவர் நினைவில் நிற்பதில்லை. கயபாதான் யூதராக நிற்கிறார். காட்டுவதானால் முதலில் பங்குத்தந்தை சங்கத்தின் அந்த 1965 ஏட்டின் நான்காம் பகுதியை வாசிக்கட்டும்.

செம்பூர் ஆசிரியை:
வாசித்தாலும் என் வகுப்புப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாற்றைப் பங்கு பிரித்து வாசிக்கிறோம். ‘சிலுவையில் அறையும்’ என்று கத்தும் கூட்டத்தின் பகுதி சபையாருக்கு, அதாவது நமக்கு. என் வாயால் அதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் தொண்டை அடைக்கும். படத்தில் அதை யாரோ கத்துகிறார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

தாராவித் தம்பி:
அந்த வாசிப்பும் இருக்கட்டும், அக்கா. பெரியவர்களுக்கு மட்டும், அண்ணா சொன்ன பகுதியை முதலில் வாசித்து, அடுத்த ஆண்டும் படத்தைக் காட்டச் சொல்லி எங்கள் அன்பியக் (பங்கின் சிறு குழு) கூட்டத்தில் கேட்கப்போகிறேன். நீங்கள் எதிர்ப்பதானால் நேரில் வந்தே எதிர்த்துப் பேசுங்கள்.