புதுப்பிப்பு: ஏரோ இந்தியா படப்பிடிப்பு, ஹெலிகாப்டரும் டர்போபிராப்பும்
ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியைப் படமெடுப்பது பற்றிய முதல் பதிவில், ஜெட்டுக்கு 1/1600 நொடி ஷட்டர் போதும் என்று சொல்லியிருந்தேன். புதுச்சேரி, கடலூரிலிருந்து அது நடக்கும் பெங்களூரு யெலகங்காவுக்குப் போகும் நண்பர்கள் பலர் கேட்டது, விமானப்படையின் சாரங் சாகசக் குழு ஓட்டும் துரு ஹெலிகாப்டரையும், சி-130ஜே என்ற டர்போபிராப் (விசிறியால் பறக்கும்) போக்குவரத்து விமானத்தையும் எப்படி எடுப்பது என்றுதான்.

இவற்றுக்கு 1/1600 வைத்தால் விசிறி உறைந்துபோய், எஞ்சின் நின்ற விமானம்போல் தெரியும். சி-130ஜே புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1020 சுற்று. 1/250 நொடியில் ஏறக்குறைய 24 டிகிரி திரும்பும், மங்கல் அழகாக வரும். துருவின் மேல் விசிறி இன்னும் மெதுவானது, அதனால் 1/125. இந்த ஷட்டர் வேகத்தில் பாதிக்கு மேல் படங்கள் ஆடிப்போகும். குறுகிய பர்ஸ்ட்களாக (தொடர் படங்களாக) எடுங்கள், லென்ஸின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை பேனிங் நிலையில் (கேமராவை விமானத்தோடு சேர்த்துத் திருப்பி எடுப்பதற்கான நிலை) வையுங்கள். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஓடும் பேருந்துகளை வைத்துப் பழகலாம்.

வெளிர் வானம் பின்னணியென்றால் எக்ஸ்போஷர் +0.7, இல்லாவிட்டால் வயிற்றுப்பகுதி கறுத்துவிடும். வெயில் ஏறியபின் ஓடுபாதைமேல் கானல் அலையும். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை; தரையிறங்கும் படங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தளத்தின் மதில் ஓரம் நின்று எடுக்காதீர்கள், அது விமானப்படை நிலையம். டிக்கெட் வாங்கி, பார்வையாளர் பகுதிக்குள்ளிருந்தே எடுங்கள்.

ஊர் திரும்பியதும் லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டும் கடற்கரை உப்பை உலர்துணியால் தேய்க்க வேண்டாம். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம்.