டி5600-ஐ மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா? கையில் 3,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது

மாக்மண்டின்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பகலில் பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் திருமணங்களையும் பரதநாட்டிய அரங்கேற்றங்களையும் படம் எடுக்கிறேன். முதலில் சொந்தபந்தங்களுக்காக எடுத்தேன். இப்போது தெரியாதவர்களும் பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 70-300. வெளியில் வெயிலில் எடுத்தால் ஒரு குறையும் இல்லை. கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால்தான் தொல்லை தொடங்குகிறது. சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு திருமணம். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை குனிந்து தாலி முடிகிறார், நாத்தனார் விளக்கோடு பக்கத்தில் நிற்கிறார். நான் நின்ற இடம் சரி, அழுத்திய நேரமும் சரி. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் மாப்பிள்ளையின் விரல்கள் கலங்கியிருக்கின்றன; பெண்ணின் கன்னத்தில் புள்ளி புள்ளியாக நிறம் சிதறியிருக்கிறது. லென்ஸ் திறப்பு எஃப் 5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/60 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 6400. அதற்கு மேல் அந்தக் கேமராவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

3,500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமராவுக்கு, போனால் இருட்டுத் தொல்லை தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த வகையில் பழைய நிக்கான் டி750 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிவிடலாமா? அடுத்த முகூர்த்தம் நெருங்குகிறது, நல்ல வழி சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

தம்பி, இப்போதைக்குப் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) மாற்றாதீர்கள். லென்ஸ் வாங்குங்கள். ஜார்ஜ்டவுனில் நெடுங்காலமாகத் திருமணப் படம் எடுப்பவன் என்கிற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் 18-55 லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் அதே மண்டபத்தில், அதே விளக்கில், ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/60-ஐ 1/200 ஆக்கலாம். ஐஎஸ்ஓவையும் 6400-லிருந்து 2000-க்கு இறக்கலாம். விரலும் நிற்கும், கன்னமும் தெளியும். ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவதால் கிடைப்பது எவ்வளவு? சென்சாரின் பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான். பத்து எங்கே, இரண்டு எங்கே?

இன்னொன்றையும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டி750 வாங்கியபின் அதில் எதை மாட்டுவீர்கள்? உங்கள் 18-55 சிறிய சென்சாருக்காகச் செய்தது. அதை மாட்டினால் டி750-யின் சென்சாரில் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்யும். 24 மெகாபிக்சல் 10 ஆகச் சுருங்கும். நீங்கள் காசு கொடுத்த அந்த இரண்டு மடங்கு லாபமும் அங்கேயே போய்விடும். பிறகு லென்ஸுக்கு இன்னும் ஓர் ஆண்டு சேர்க்க வேண்டும். அதுவரை வரும் மணப்பெண்களுக்கெல்லாம் அதே கலங்கிய படம்தானா?

முதல் வாங்கல் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் (உங்களுடையது போன்ற சிறிய சென்சாருக்கானது). 2009-இல் வந்த லென்ஸ். பழையதாகத் தேடினால் சில நூறு வெள்ளிக்கே கிடைக்கும். மணமேடைக்கு முன்னால் இரண்டு மீட்டரில் உட்கார்ந்து எடுப்பதற்கு அதன் பார்வை அளவானது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தத் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் முக்கால் அடிதான். தாலி முடியும்போது மாப்பிள்ளையின் முகம் பெண்ணுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இருவரில் ஒருவர் மங்கிவிடுவார். அந்த நேரத்துக்கு மட்டும் எஃப் 2.8 வைத்துக்கொள்ளுங்கள், ஓர் அடிக்குச் சற்று மேல் ஆழம் கிடைக்கும். அப்போதும் உங்கள் 5.6-ஐ விட நான்கு மடங்கு வெளிச்சம் கையில் இருக்கிறது.

ஃபிளாஷ் வாங்கு என்றும் யாராவது சொல்வார்கள். வரவேற்பு விருந்துக்கு அது சரி. கோயில் மண்டபத்தில் கூரை உயரம். பல இடங்களில் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் வேறு தீட்டியிருப்பார்கள். ஒளியைக் கூரையில் அடித்துத் திருப்பினால் அந்த நிறமே முகத்தில் வந்து விழும். நேராக அடித்தால் ஹோமப் புகைதான் வெள்ளையாகத் தெரியும். அரங்கேற்றத்தில் அதை எடுக்கவே கூடாது. அந்தப் பிள்ளை பல வருடம் பாடுபட்டு மேடைக்கு வந்திருக்கிறாள். அவள் கண்ணில் போய் மின்னலடிக்க நமக்கு உரிமை இல்லை.

செந்தூல்படப்பெட்டி:

அண்ணன் சொன்ன வெளிச்சக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். ஆனால் தம்பி "பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். நான் நின்று யோசித்த இடம் அதுதான்.

கோலாலம்பூரில் திருமணப் படம் எடுப்பதுதான் எனக்கு முழுநேரத் தொழில். டி5600-இல் மெமரி கார்டுக்கு ஒரே ஓர் இடம். அந்த ஒரு கார்டு கெட்டுப்போனால் தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. டி750-இல் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் பதிய வைக்கலாம். ஃபோகஸிலும் வேறுபாடு உண்டு. டி5600-இல் 39 புள்ளிகள், அவற்றில் நடுவில் இருக்கும் 9 மட்டுமே குறுக்கு வகை (கிடையாகவும் நெடுக்காகவும் பார்ப்பவை). இருட்டில் ஓரத்துப் புள்ளிகளை நம்ப முடியாது. ஆடுகிறவள் மேடையின் ஓரத்துக்குப் போகும்போது இது தெரியவரும்.

ஆகவே லென்ஸ் முதலில், சரி. ஆனால் முழுப் பணத்தையும் லென்ஸில் போட்டுவிட்டுப் பாடியை மறந்துவிடாதீர்கள். அதுவரை தாலி கட்டி முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், புதியது போடுங்கள். எங்கள் குழுவில் இது கட்டாயம்.

மாக்மண்டின்காரன்:

அண்ணன், அக்கா இருவருக்கும் மிக்க நன்றி. கார்டு விஷயம் என் மனதில் படவே இல்லை, இந்த வாரமே இன்னும் சில கார்டுகள் வாங்குகிறேன்.

நேற்றிரவு பழைய படங்களைக் கணினியில் திறந்து எத்தனை எம்எம் அளவில் எடுத்தவை என்று பார்த்தேன். திருமணப் படங்களில் பெரும்பாலானவை 30-க்கும் 40-க்கும் இடையில் வருகின்றன. அண்ணன் சொன்ன 35 அதற்குச் சரியாக அமைகிறது. அரங்கேற்றப் படங்கள் எல்லாம் 55-இல் முட்டி நிற்கின்றன, அல்லது 70-300-இல் 80, 90. அதற்கு 50 எம்எம் போதுமா, 85 வேண்டுமா?

மலையடிவாரம்:

நல்ல காரியம் செய்தீர்கள். லென்ஸ் வாங்குகிற எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

அரங்கேற்றத்துக்கு 85 எஃப் 1.8. மேடையிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும். சலங்கையிலிருந்து தலைக்கு மேல் தூக்கிய கை வரை வெட்டுப்படாமல் வரும். 50 என்றால் நீங்கள் ஐந்து மீட்டருக்குள் போயாக வேண்டும். அங்கே பெரும்பாலும் குருவும் பக்கவாத்தியக்காரர்களும் சிறப்பு விருந்தினர்களும் இருப்பார்கள், நமக்கு இடம் இல்லை.

வாங்கும்போது லென்ஸின் மேல் "ஏஎஃப்-எஸ்" என்றும் கடைசியில் "ஜி" என்றும் இருக்கிறதா பாருங்கள். "டி" என்று முடியும் பழைய 85 மலிவாக வரும்; அதற்குள் மோட்டார் கிடையாது, உங்கள் டி5600-க்குள்ளும் கிடையாது. தானாக ஃபோகஸ் ஆகாது. 85 ஜி ஃபுல் ஃபிரேமுக்கும் பொருந்துவது. செந்தூல் தங்கை சொல்கிறபடி நாளை டி750-க்கோ, எஃப்டிஇஸட் அடாப்டர் (பழைய லென்ஸை இணைக்கும் வளையம்) வைத்து நிக்கானின் புதிய இஸட் வகைக் கேமராவுக்கோ போனாலும் அது கூடவே வரும், ஃபோகஸும் தானாகவே ஆகும். பாடி வருடா வருடம் விலை இறங்கும். நல்ல லென்ஸை அடுத்த கேமராவுக்கும் கொண்டுபோகலாம்.

ஒன்று விட்டுப்போனது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரியும். 1/200-இல் எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். பயப்படாமல் தொடர்ந்து நாலைந்து அழுத்துங்கள். ஆசீர்வாதம், மாலை மாற்றியபின் நிற்பது போன்ற அசையாத காட்சிகளுக்கு 1/100 போதும், விளக்கின் சிணுங்கல் அடங்கிவிடும்.

ஆயர்ஈத்தாம்ஐயா:

பழைய லென்ஸ் வாங்குகிறவர் இதையும் கவனிக்க வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் அதிர்ஷ்டசாலி. கைப்பேசி விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஓரத்திலிருந்து மெல்லிய வெண்ணிற நூல் கிளைவிட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

வாங்கியதைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். உலர்பெட்டி வாங்க இப்போது பணம் இல்லை என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மாக்மண்டின்காரன்:

முடிவு செய்துவிட்டேன். 35-உம் 85 ஜி-யும் பழையதாகத் தேடுகிறேன், மிச்சப் பணம் கார்டுக்கும் ஐயா சொன்ன டப்பாவுக்கும். அதற்கும் மேல் மிஞ்சுவது அக்கா சொன்ன பாடிக்காக அப்படியே இருக்கட்டும். கடைசியாக ஒரு கேள்வி: 70-300-ஐ விற்றுவிடலாமா? இனி அது எனக்குத் தேவைப்படாது என்று தோன்றுகிறது.

மலையடிவாரம்:

விற்காதீர்கள் தம்பி. விற்றால் கிடைக்கும் தொகை பெரிதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் காவடிகள் நல்ல வெயிலில் வரும். அங்கே எஃப் 6.3 தாராளம். அலகு குத்தியவர் முகத்துக்கு நேரே போய் கேமராவை நீட்டாமல் சாலையோரத்தில் நின்றே அவர் கண்ணை எடுக்க 300 எம்எம் வேண்டும். முந்தைய நாள் விடியுமுன் ரதம் புறப்படும்போது மட்டும் 35-ஐ மாட்டிக்கொள்ளுங்கள். ரதத்தின் விளக்கு வெளிச்சமே முகங்களுக்குப் போதும், ஐஎஸ்ஓ 1600-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். தேங்காய் உடைக்கிறவர்களுக்கு நாலடி தள்ளி நில்லுங்கள், ஓடு தெறித்து லென்ஸில் படும்.