ராணி பாக்: ஐந்து பேர், 800 ரூபாய், முழங்கால் வலியோடு பாட்டி. சரிப்பட்டு வருமா?

கேள்வி: தாராவி அம்மா

எல்லாருக்கும் வணக்கம். அத்தை (பிள்ளைங்களோட பாட்டி) ஊரிலிருந்து வந்திருக்காங்க, இன்னும் ரெண்டு வாரம் இருப்பாங்க. பிள்ளைங்க ரெண்டு பேர்: மூத்தவனுக்கு 9, சின்னவளுக்கு 4. நானும் வீட்டுக்காரரும் சேர்த்து ஐந்து பேர். ஒருநாள் மும்பை பைகுல்லாவில் இருக்கிற ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம்னு இருக்கோம். போக்குவரத்து, டிக்கெட், சாப்பாடு எல்லாம் 800 ரூபாய்க்குள்ள அடங்கணும்.

அத்தைக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவா நடப்பாங்க, படி ஏறுறதுதான் பெரிய பாடு. எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் சயான். ரயிலா, பஸ்ஸா? எத்தனை மணிக்குக் கிளம்பணும்? சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா? போரிவலி நேஷனல் பார்க் இதைவிட நல்லதுன்னு பக்கத்து வீட்டில் சொல்றாங்க. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பதில் 1: மாட்டுங்கா வாசி

தாராளமா அடங்கும் அக்கா. கவனம் வைக்க வேண்டியது டிக்கெட்டில் இல்லை, நேரத்தில். காலை ஒன்பதரைக்குக் கேட் திறக்கும். அப்போ உள்ளே நுழைஞ்சு பன்னிரண்டரைக்கு வெளியே வந்துட்டா செலவு தானாகக் குறையும். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தா வெயில், வரிசை, பிள்ளைங்க பசி, வெளிச் சாப்பாடு, அசதியில் திரும்ப டாக்ஸின்னு ஒன்னு பின்னாடி ஒன்னு வரும்.

முதல்ல கிழமை. புதன்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை புதனில் வந்தால் பெரும்பாலும் அன்னைக்குத் திறந்துவிட்டு மறுநாள் வியாழன் மூடுவாங்க. அந்த வாரம் போறதா இருந்தா முதல் நாளே பார்த்துக்குங்க. ஞாயிறு வேண்டாம், சனி காலை போங்க. மூத்தவனுக்குச் சனிக்கிழமை பள்ளி இருந்தா, ஞாயிறுதான் வழின்னா, கேட் திறக்கும்போதே அங்கே நிக்கணும். தீபாவளி லீவு, கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி 1 இந்த நாட்கள் பக்கமே போகாதீங்க. பெங்குவின் கட்டடத்து வரிசையிலேயே பாதி நாள் போயிடும்.

டிக்கெட்டில் பலரும் பணத்தை விடுற இடம் ஒன்னு இருக்கு. 2017-ல் கட்டணம் மாத்தினப்போ குடும்பச் சீட்டுன்னு ஒன்னு கொண்டுவந்தாங்க. அம்மா, அப்பா, 15 வயதுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க, நாலு பேருக்கும் சேர்த்து 100 ரூபாய். தெரியாம ஆளாளுக்குத் தனித்தனியா எடுத்தா பெரியவங்களுக்கு ஐம்பது ஐம்பது, பிள்ளைங்களுக்கு இருபத்தஞ்சு இருபத்தஞ்சு, மொத்தம் 150 ஆகும். நாலு வயசுப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்னும் நினைக்காதீங்க, மூணு வயசிலிருந்தே உண்டு. மூணாவது பிள்ளை இருக்கிறவங்க குடும்பச் சீட்டோட 25 சேர்த்துக்கணும். அத்தைக்குத் தனியா 50 வச்சுக்குங்க. ஆதார் கார்டைக் கையில் கொடுத்து அனுப்புங்க, முதியோர் சலுகையைக் கவுண்டரில் கேட்டுப் பார்க்கலாம். ஆக 150. பெங்குவினுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, இதிலேயே அடக்கம்.

முதல் நாள் ராத்திரியே ஆன்லைனில் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வச்சுக்கிட்டா கவுண்டர் வரிசை மிச்சம். எடுக்கும்போது தேதியை ரெண்டு தடவை பாருங்க. அவசரத்தில் அன்னைக்குத் தேதியிலேயே எடுத்துட்டா மறுநாள் கேட்டில் செல்லாது.

பதில் 2: சயான் கோளிவாடா

போக்குவரத்துக்கு நான் சொல்றேன். ரயில்தான் மலிவு. சயானிலிருந்து பைகுல்லா 10 கிலோமீட்டருக்குள்ள வருது, செகண்ட் கிளாஸ் 5 ரூபாய். நாலு வயசுக் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். போக வர ஐந்து பேருக்கும் 40 ரூபாய்க்குள்ள முடியும். எல்லா ஸ்டேஷனிலும் நிக்கிற ஸ்லோ வண்டியில் மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, அடுத்தது பைகுல்லா. இருபது நிமிஷத்தை ஒட்டி ஆகும்.

ஆனா உங்க அத்தைக்கு நான் ரயிலைச் சொல்ல மாட்டேன். சயானில் ஒரு பாலம், பைகுல்லாவில் ஒரு பாலம், திரும்பும்போது மறுபடி ரெண்டு. கூட்டத்துக்கு நடுவே படி இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிக பாரம், ஏறும்போது கூட அவ்வளவு இல்லை. பஸ் பாருங்க. சயானிலிருந்து தாதர் டிடி, பரேல், லால்பாக் வழியா தெற்கே போற அம்பேத்கர் ரோடு ராணி பாக் வாசல் வழியாத்தான் போகுது. பைகுல்லா, சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம் போற பெஸ்ட் (மும்பை மாநகர) பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் ‘ஜிஜாமாதா உத்யான்’னு சொன்னா போதும், ராணி பாக்னாலும் புரியும். 2025 மே மாதம் கட்டணம் கூடின பிறகு 5 முதல் 10 கிலோமீட்டருக்கு சாதா பஸ் 15, ஏசி 20. உங்க நாலு டிக்கெட்டுக்கு ஏசியிலேயே ஒரு வழிக்கு 80-க்கு மேல் போகாது. காலை எட்டரைக்கு ஏறிட்டா உட்கார்ந்தே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. அதே ரோடு லால்பாகைத் தாண்டித்தான் போகுது. கணபதி உற்சவம் நடக்கிற பத்து நாளும் அந்த ரோட்டில் பஸ் நகராது, சிஞ்ச்போக்லி, கரி ரோடு ஸ்டேஷன்களிலும் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் இந்தத் திட்டமே வேண்டாம்.

ரயிலில்தான் போவோம்னா மூணு விஷயம்.

பைகுல்லாவில் கிழக்குப் பக்கம் இறங்கணும். அங்கிருந்து ரோட்டுக்கு வந்து வடக்கே பத்து நிமிஷ நடை. பூங்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு, சிக்னலில்தான் கடக்கணும், நடுவில் இறங்காதீங்க. அத்தைக்கு மட்டும் டாக்ஸி பிடிச்சா மினிமம் 31 ரூபாய். இந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது, சயானோட ஆட்டோ எல்லை முடிஞ்சிடும். கிட்டக்கன்னு டாக்ஸிக்காரர் மறுக்கிறதும் உண்டு, அதனால் அதையே நம்பிப் போக வேண்டாம்.

திரும்பும்போது ப்ளாட்பாரப் பலகையில் நேரத்துக்குப் பக்கத்தில் எஸ்னு இருக்கா, எஃப்னு இருக்கான்னு பாருங்க. ஃபாஸ்ட் வண்டிகளும் பைகுல்லாவில் நிக்கும், சயானில் நிக்காது. காலியா இருக்கேன்னு ஏறிட்டா குர்லாவில் இறங்கி மறு வண்டி பிடிக்கணும், அங்கேயும் பாலம்.

மூணாவது, ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்பு வேலை. மாட்டுங்கா முதல் முலுண்ட் வரை காலை பதினொன்னுக்குத் தொடங்கி மாலை நாலு வரைக்கும் அடிக்கடி போடுவாங்க. ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் லைனில் விடுவாங்க, கால் மணி நேரம் தாமதம், கூட்டமும் ரெண்டு பங்கு. சரியா நீங்க திரும்புற நேரம் அது. சனிக்கிழமை போங்கன்னு மேலே சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பதில் 3: செம்பூர் சமையல்கட்டு

சாப்பாட்டுக்கு என் யோசனை: பெரிய மூட்டையா எதுவும் தூக்காதீங்க. காலை ஏழரைக்கு வயிறு நிறைய சாப்பிட்டுக் கிளம்புங்க, ரெண்டு மணிக்குள்ள வீடு. நடுவில் பதினோரு மணிப் பசிக்கு மட்டும் ஒரு டப்பா.

அந்த டப்பாவுக்குப் பொடி இட்லிதான் சரி. பிள்ளைங்களுக்கு நாலு, பெரியவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு, பத்து இட்லி போதும். இட்லியைச் சூடா அடைச்சீங்கன்னா மூடியில் வேர்த்த தண்ணி சொட்டிப் பத்து மணிக்கே பிசுபிசுன்னு ஆகி வாடை வரும். மும்பைப் புழுக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். தட்டில் பரப்பிப் பத்து நிமிஷம் ஆறவிட்டு, ரெண்டு டேபிள் ஸ்பூன் இட்லி மிளகாய்ப் பொடியை மூணு டேபிள் ஸ்பூன் நல்லெண்ணெயில் குழைச்சு ரெண்டு பக்கமும் தடவுங்க. எண்ணெய் மேலே படிஞ்சா இட்லி காயாது. சின்னவளுக்குக் காரம் ஆகாதுன்னா அவ இட்லிக்கு எண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும். சட்னி வேண்டவே வேண்டாம், தேங்காய் அந்தப் புழுக்கத்தில் தாங்காது.

எவர்சில்வர் டப்பா, எவர்சில்வர் தண்ணி பாட்டில் ரெண்டு. பிளாஸ்டிக் பை, சிப்ஸ் பாக்கெட் எதுவும் பையில் இருக்கக் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் தடை, கேட்டில் பையைப் பார்ப்பாங்க. அது நியாயமான தடை. காத்தில் பறக்கிற ஒரு உறை மான் இருக்கிற பக்கம் விழுந்தா, உப்பு வாசனைக்கு அது மென்னு முழுங்கிடும். வயித்துக்குள்ள அடைச்சு உயிரே போகும். டப்பாவையும் கூண்டுகள் பக்கத்தில் பிரிக்காதீங்க. மரத்தடி பெஞ்சில் சாப்பிட்டுத் துடைச்சு மூடிட்டுப் போங்க. பிள்ளைங்க கையில் தின்பண்டத்தோட கூண்டுப் பக்கம் நிக்கவே கூடாது.

மதியத்துக்குக் காலையிலேயே தயிர்சாதம் கலந்து வீட்டில் வச்சிட்டுப் போங்க. ஒரு கப் அரிசிக்கு மூணரை கப் தண்ணி விட்டுக் குழைய வேகவச்சு மசிச்சு, ஆறினதும் ரெண்டு கப் காய்ச்சி ஆறின பால், மூணு ஸ்பூன் தயிர், உப்பு. முழுக்கத் தயிர் ஊத்திப் பிசைஞ்சா மதியத்துக்குள்ள புளிச்சிடும். பால் நிறைய, தயிர் கொஞ்சம்னு கலந்தா நீங்க திரும்பி வர்ற நேரத்துக்குப் பதமா இருக்கும். ஐந்து பேருக்கு ரெண்டு கப் அரிசி வச்சு மத்ததையும் ரெண்டு பங்காக்குங்க. அசதியோட வந்து அடுப்பு பத்த வைக்கிற வேலை இல்லை, வெளியே ஆர்டர் பண்ற எண்ணமும் வராது.

பதில் 4: முலுண்ட் அப்பா

உள்ளே எந்த வரிசையில் பார்க்கிறதுன்னு சொல்றேன். நுழைஞ்சதும் பெங்குவின். மத்த விலங்குகளைப் பார்க்க எப்போ போனாலும் வரிசை இல்லை, இதுக்கு நேரம் ஆக ஆக வரிசை நீளும். 2016-ல் தென்கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பெங்குவின் வந்தது, 2017 மார்ச்சில் பார்வைக்குத் திறந்தாங்க. சிலி, பெரு நாட்டுக் கடலோரப் பறவை. பனிக்கட்டிப் பிரதேசம் இல்லை, அதனால் 16 முதல் 18 டிகிரியில் வச்சிருக்காங்க. மூத்தவனுக்கு ஒரு வேலை கொடுங்க: ஒவ்வொன்னோட நெஞ்சிலும் கறுப்புப் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்க. ஒன்னோட புள்ளி மாதிரி இன்னொன்னுக்கு இருக்காது. அப்புறம் கண்ணாடியைத் தட்டுற எண்ணமே வராது. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க.

அடுத்து புலி, சிறுத்தை, கரடி. காலையில்தான் நடமாட்டம், பதினொன்றுக்கு மேல் நிழலில் படுத்துத் தூங்கும். கழுதைப்புலி ராத்திரி விலங்கு, கிடைச்சா பாருங்க, அதுக்காகக் காத்து நிக்காதீங்க. நீர்யானை பகல் முழுக்கத் தண்ணிக்குள்ளதான் கிடக்கும், எப்போ போனாலும் முதுகும் காதும்தான் தெரியும். அதைக் கடைசிக்கு வைங்க. நடுவில் வலைக்குள்ளேயே நடந்து பார்க்கிற பறவைக்கூடம். சின்னவளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், பறவை தலைக்கு மேலே பறக்கும், நடுவில் கம்பி இல்லை.

ஐம்பது ஏக்கருக்கு மேல் இடம். அத்தையை எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போகணும்னு இல்லை. பெங்குவின், பறவைக்கூடம் ரெண்டுக்கும் கூட வரட்டும். மத்த நேரம் மரத்தடி பெஞ்சு. 1861-ல் செடிகொடித் தோட்டமாத்தான் இது தொடங்கினது, இன்னைக்கும் 3000-க்கு மேல் மரம் இருக்கு, நிழலுக்குப் பஞ்சமே இல்லை. ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளின்னு சொல்ற பருத்த மரம் இங்கேயும் நிக்குது, அத்தைக்குக் காட்டுங்க. யாராவது ஒருத்தர் கூடவே உட்காரணும், முறை மாத்திக்குங்க.

வெளியே வந்ததும் ஒட்டினாப்பல டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். 1872-ல் திறந்தது, அதுக்கும் புதன்தான் விடுமுறை. உள்ளே போக நேரமோ தெம்போ இல்லைன்னா விடுங்க, அங்கே நிக்கிற கல் யானையை மட்டும் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. காராபுரித் தீவில் இருந்த யானை அது. அதைப் பார்த்துத்தான் போர்த்துகீசியர் அந்தத் தீவுக்கு எலிஃபண்டான்னு பேர் வச்சாங்க.

போரிவலி நல்ல இடம்தான், இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது. சயானிலிருந்து தாதரில் வெஸ்டர்ன் லைன் மாறணும், நுழைவுக்கு மேல் சஃபாரிக்கு ஆளுக்குத் தனி டிக்கெட், உள்ளே தூரமும் அதிகம். அதுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அத்தை ஊருக்குப் போன பிறகு, டிசம்பர், ஜனவரியில் நீங்க நாலு பேரும் போங்க.

தாராவி அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் போக வர 160, டிக்கெட் 150, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு அத்தைக்கு ஆட்டோ மினிமம் 26, போக வர 52. மொத்தம் 362. சனிக்கிழமையே போறோம். மீதியில் ஒருவேளை மதியச் சாப்பாடு வெளியே சாப்பிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கிறார்.

பதில் 5: மாட்டுங்கா வாசி

சாப்பிடலாம் அக்கா. வழியிலேயே மாட்டுங்கா இருக்கு. ஸ்டேஷன் வாசலில் ராம நாயக் உடுப்பி போர்டிங், 1942-லிருந்து நடக்குது, சாப்பாடு நம்ம வாய்க்கு ஒத்துப்போகும். ஆனா அது முதல் மாடி, படி ஏறணும். அத்தையை வச்சுக்கிட்டு அது வேண்டாம். தரைத் தளத்தில் இருக்கிற ஹோட்டல்கள் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வரிசையா இருக்கு, உங்க பஸ்ஸும் அந்த வழியாத்தான் வரும். பன்னிரண்டே முக்காலுக்குள்ள போய் உட்கார்ந்தா காத்திருக்க வேண்டாம், ஒரு மணிக்கு மேல் வாசலில் பேர் கொடுத்து நிக்கணும். அப்படிப் போறதா இருந்தா ராணி பாகிலிருந்து பன்னிரண்டுக்கே கிளம்புங்க, தயிர்சாதத்துக்கு ஒரு கப் அரிசி மட்டும் வைங்க, ராத்திரிக்கு ஆகும்.