புதுப்பிப்பு: சுச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரத்தின் இடமும் ஒளியும் கணக்கோடு ஒத்துப்போகாதது ஏன்?

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. சுச்சின்ஷான்–அட்லஸ் (சி/2023 ஏ3) வால்நட்சத்திரம், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் காட்டும் இடத்திலிருந்து விலகித் தெரிகிறது, ஒளியும் கணித்ததைவிட அதிகம், ஏன் என்று 2024 அக்டோபரில் கேட்டிருந்தேன்.

இட வேறுபாட்டுக்குக் காரணம் பழைய சுற்றுப்பாதைத் தரவு. கோள்களின் ஈர்ப்பால் பாதை சற்றே மாறிக்கொண்டே இருக்கும். மென்பொருளோ குறிப்பிட்ட ஒரு நாளின் எண்களை வைத்தே கணக்கிடுகிறது. ஸ்டெல்லேரியத்தின் ‘சோலார் சிஸ்டம் எடிட்டர்’ என்ற துணைக்கருவி வழியாக, சிறுகோள்கள், வால்நட்சத்திரங்களின் பாதைத் தரவைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டரின் புதிய எண்களை ஏற்றும்படி சொன்ன யோசனைதான் பலித்தது. அக்டோபர் 15 அன்று எம்5 விண்மீன் கொத்துக்கு அருகே, திரையிலும் பைனாகுலரிலும் ஒரே இடம். கணினி நேரத்தைத் திருத்தும் யோசனையால் எதுவும் மாறவில்லை.

ஒளி விஷயம் வேறு. ஒளியைக் கணிக்கும் வழக்கமான சூத்திரத்துக்கு வால்நட்சத்திரத்திலிருந்து சூரியனின் தொலைவும் பூமியின் தொலைவும் மட்டுமே தெரியும். அக்டோபர் 9-ஐ ஒட்டி வால்நட்சத்திரம் ஏறக்குறைய நமக்கும் சூரியனுக்கும் இடையே வந்தது. அதன் தூசு சூரிய ஒளியை நம் பக்கமாகச் சிதறடித்தது. அந்த நாட்களின் ஒளி மதிப்பீடுகளை ஒதுக்கியதும், நாளுக்கு நாள் ஒளி மாறுவதைக் காட்டும் வளைகோடு கணக்கோடு ஒழுங்காகப் படிந்தது. ஒளிச்சிதறலைச் சுட்டிக்காட்டிய நண்பருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது எதிர்வால். அக்டோபர் நடுவில் பூமி வால்நட்சத்திரத்தின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடந்தபோது, சூரியன் இருக்கும் பக்கமாக ஊசிபோல் மெல்லிய கோடு படத்தில் விழுந்தது. அது உண்மையான தூசுதான். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.