பண்டிகைச் சாப்பாடும் கோதுமை ஆகாத வயிறும்: தஞ்சைப் பக்கத்து அனுபவங்கள்

திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து

எனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய், இருப்பது 36ஆம் வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள், இரும்புச்சத்து மாத்திரைகளை விடாமல் விழுங்கியும் இரத்தசோகை தீராமல், வயிற்று உப்பசமும் வாய்ப்புண்ணுமாக நாள்களைக் கடத்தினேன். இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும், எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடலில் எடுத்த திசுத் துணுக்கின் பரிசோதனையும் நோயை உறுதி செய்தன. குளூட்டன் என்னும் புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுவதும் தொடக் கூடாது என்றார்கள். (ரை என்பது மேலை நாட்டுத் தானியம். அதைச் சிலர் கம்பு என்று சொல்லிவிடுகிறார்கள், அது வேறு, இது வேறு. நம்மூர்க் கம்பும் கேழ்வரகும் சாமையும் நமக்கு ஆகும்.)

குறுவையும் சம்பாவும் விளையும் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது ஒரு துன்பமா என்று பலர் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆண்டுத் தீபாவளியில் மைதாச் சோமாசியையும் ரவா லட்டையும் எங்கள் ஊர்ப் பெருமையான அசோகாவையும் ஒதுக்கினேன். அசோகா பாசிப்பருப்பில் கிண்டுவதுதான் என்றாலும் அதில் கோதுமை மாவும் சேரும். இட்லி, அதிரசம், முறுக்கு, சோறு, ரசம் இவற்றை மட்டுமே உண்டேன். மறுநாள் மாலைக்குள் வயிறு கல்லாகி, ஒரு வாரம் படுத்துவிட்டேன்.

எங்கே தவறினேன் என்று அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது, பெருங்காய டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் காயம் கொஞ்சம்தான். மீதி வேலம்பிசினும் மாவும். அந்த மாவு சிலவற்றில் அரிசி, சிலவற்றில் கோதுமை. ரசம், முறுக்கு, ஊறுகாய், நீர்மோர் என எதில்தான் அது விழாமல் இருக்கிறது? அது மட்டுமா, முறுக்குக்கு அரிசி அரைத்த மில்லில் எங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றிருந்தார். முறுக்குச் சுட்ட எண்ணெயில் அதற்கு முன் சோமாசி வெந்திருந்தது. குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவோடு ஒப்பிட்டால், மில்லின் வாயில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி மாவு மிகப் பெரியது.

இதை என் மாமியாருக்கு விளங்க வைக்க ஓராண்டு திணறினேன். புரதம், எதிர்ப்பொருள் என்று நான் சொன்ன எதுவும் அவர் மனத்தில் ஏறவில்லை. “நான் செஞ்ச சோமாசில ஒரு வாய் திங்கக் கூடாதா தங்கம்?” என்று அவர் கேட்டபோது அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது; அந்த வருத்தம்தான் எனக்கு நோயைவிடப் பாரமாக இருந்தது. அடுத்த தீபாவளியில், கேதார கௌரி நோன்புக்காக அவர் அதிரசப் பாகு கிளறிக்கொண்டிருந்தபோது, கொழுந்தனார் மகள் ஓடிப் போய்க் கவுச்சிப் பாத்திரங்களோடு கிடந்த கரண்டியை எடுத்து வந்தாள். அத்தை பதறித் தடுத்தார். மீன் குழம்பில் புழங்கிய கரண்டி, எத்தனை முறை கழுவியிருந்தாலும், நோன்புச் சமையலுக்கு ஆகாது. அப்போது என் வாயில் வந்தது: “அத்தை, எனக்குக் கோதுமை அப்படித்தான். கழுவினாலும் கவுச்சிதான்.” கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா ஆயி?” என்றார்.

அதன்பின் நான் எதையும் விளக்கவில்லை. எனக்கென்று ஒரு தோசைக்கல், ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி தனியே வைக்கப்பட்டன. அதிரச மாவை அவரே உரலில் இடித்துச் சலிக்கிறார். புது எண்ணெயில் முதல் ஈடு நோன்பு அதிரசம், அடுத்து என் முறுக்கு, சோமாசி கடைசியில். பெருங்காயத்துக்குப் பதிலாகப் பூண்டும் சீரகமும். விருந்தினர் யாராவது சோமாசி தின்ற கையோடு என் தட்டை நெருங்கினால், “அது நோன்புத் தட்டு, தொடாதீங்க” என்கிறார். கேட்பவர் உடனே கையை இழுத்துக்கொள்கிறார்.

மன்னார்குடியிலிருந்து

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் சீலியாக் நோய்தான். “நம்ம பக்கம் யாருக்கு இந்த நோய் வந்திருக்கு?” என்று உறவினர் கேட்கும்போது அவர்கள் வேண்டுமென்று கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. எதிர்ப்பொருளே ஆயிரத்தில் ஒருவரிடம்தான் என்றால், நோயை ஊரில் யார் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் கார்த்திகை தீபத்தன்று, நாங்கள் அகல் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், என் பெரியம்மா கோதுமை அப்பத்தைப் பிட்டுக் குழந்தையின் வாயில் ஊட்டிவிட்டார். இரவெல்லாம் வாந்தி. குழந்தை இளைத்திருக்கிறாள் என்று பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் மால்ட் பான டப்பாவும் அப்படித்தான். அதில் பார்லியும் கோதுமையும் இருக்கின்றன. மேலே எழுதிய அம்மையார் சொன்ன கவுச்சி உவமையைப் பெரியம்மாவிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன். ஒரு கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, அவனுக்கும் முன்னெச்சரிக்கையாகக் கோதுமையை நிறுத்திவிடலாமா?

கும்பகோணத்திலிருந்து, கல்யாணச் சமையல் தொழிலில் இருப்பவர்

எங்கள் பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு இலை போடும் பந்தியில், குருமா நீர்த்துவிட்டால் மைதாவைக் கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. நானும் முன்பு செய்திருக்கிறேன். போளிக்கு மேல்மாவு மைதா. சேமியாப் பாயசம் இலையில் ஓடிப் பக்கத்துக் கூட்டில் கலக்கும். ஆகவே பந்தியில் உட்கார்ந்த பிறகு பரிமாறுபவரிடம் விசாரிப்பதில் பயனில்லை. அவருக்கு எதில் என்ன சேர்ந்தது என்று தெரியாது. முதல் நாள் மாலை காய் நறுக்கும்போது தலைமைச் சமையல்காரரிடம் சொல்லுங்கள். தாளிப்பதற்கு முன் வெந்த பருப்பும், நெய்யும், முதல் வடித்த சோறும், தயிரும் மூடி எடுத்து வைப்பது எங்களுக்கு ஒரு வேலையே அல்ல. அவியலையும் காயம் போடாமல் இறக்கிவிடலாம். வடையை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய்ச் சட்டி பொது.

மீண்டும் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து

மன்னார்குடித் தம்பிக்கு: தயவுசெய்து மகனுக்கு இப்போது கோதுமையை நிறுத்தாதீர்கள். உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருந்தால் அவனையும் சோதித்துப் பார்ப்பது அவசியம். ஆனால் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தச் சோதனையை நம்ப முடியும், நிறுத்திய பிறகு எடுத்தால் இருக்கும் நோயும் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரிடம் கேட்டு இரத்தம் கொடுத்துவிடுங்கள். மகளுக்குப் பொங்கல் வரட்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய் என்று அந்தப் பானையில் விழும் எதுவும் அவளுக்கு ஆகாததல்ல. முந்திரி வறுக்கும் வாணலியை மட்டும் ரவை வறுத்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.