பெர்க்லி கில்மன் அரங்கில் மகளை வேலைக்கு அனுப்பலாமா?

ஃப்ரீமான்ட்காரன்:
கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெருவில் இருக்கும் பங்க் (அதிரடி ராக் வகை) இசை அரங்கில் தன்னார்வலராகச் சேரவேண்டும் என்கிறாள் மகள். பள்ளி கடைசி வருடம். பங்க் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் கலவரம். அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்?

வாசல்காரி:
தாராளமாக அனுப்புங்கள் அண்ணா. 1986 டிசம்பர் 31 அன்று திறந்த இடம், எல்லா வயதினரும் வரலாம். மது, போதை, அடிதடி, இனவெறி எதுவும் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். முதலாளி கிடையாது. உறுப்பினர் கூட்டத்தில் பேசி, வாக்கெடுத்து முடிவு செய்வோம். சில நாள் நம்ம ஊர்ச் சங்கத் தேர்தல் மாதிரி இழுக்கும்! நான் வாசலில் பணம் வாங்கி, உறுப்பினர் அட்டை பார்ப்பேன். ஒலியமைப்பு பழகவும் ஆசைப்பட்டால் கேட்கலாம். கச்சேரி முடிந்து கூட்டிப் பெருக்குவதுதான் நிஜமான வேலை. காதடைப்பான் கட்டாயம்.

பழையரசிகன்:
கிரீன் டே இசைக்குழு அங்கே வளர்ந்தவர்கள்தானே?

வாசல்காரி:
ஆமாம். பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் அவர்களுக்கே மேடை இல்லை என்றாகிவிட்டது. 2015-இல் ஒரு நிதிதிரட்டும் கச்சேரிக்குத் திரும்பி வந்து வாசித்தார்கள். எனக்கு அரங்கின் அந்தப் பழைய பிடிவாதம்தான் பிடிக்கும்.

ஃப்ரீமான்ட்காரன்:
சரி, இரவு பார்ட் ரயில் கிடைக்குமா?

வாசல்காரி:
அதை நம்பாதீர்கள். நீங்களே காரில் வாருங்கள், சீக்கிரம் வந்தால் துடைப்பம் தருகிறேன்.