பதினேழு நாள் குறைந்த பாஸ்போர்ட்: எங்கள் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அவருடைய தங்கை, என் சித்தி, வாழ்க்கைப்பட்டுப் போனது மலேசியாவில் ஈப்போவுக்கு. அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015இல் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போவதற்காக அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். அப்பா படுக்கையில் விழுந்ததால் அந்தப் பயணம் நடக்கவில்லை. ஒரு முத்திரைகூட விழாமல் பத்து ஆண்டுகள் அது பீரோவில் இருந்தது. 2025 தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் அருகே பத்துமலை முருகன் கோயிலில் இருவரும் சந்திப்பது என்று பேசி முடித்து டிக்கெட் எடுத்தேன்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது. அந்தச் சலுகையே எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. விசாவுக்கு விண்ணப்பித்திருந்தால் தேதியைப் பார்த்து அங்கேயே தடுத்திருப்பார்கள். எங்கள் விஷயத்தில், கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்தான் முதன்முதலில் அந்தத் தேதியைக் கவனித்தார்.

பாஸ்போர்ட் 2025 ஜூலை 22 வரை செல்லும். நாங்கள் கோலாலம்பூரில் இறங்க வேண்டிய நாள் பிப்ரவரி 8. இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம், அதாவது ஆகஸ்ட் 8 வரையாவது, அது செல்லுபடியாக வேண்டும். பதினேழு நாள் குறைந்தது.

"ஆறு மாசம் திகயில்லல்லோ அம்மே" (ஆறு மாதம் நிறையவில்லையே அம்மா) என்று அந்தப் பெண் சொன்னபோது அம்மாவுக்கு மலையாளம் புரிந்தது, விஷயம் புரியவில்லை. "நான் பத்து நாளில் திரும்பிவிடுவேனே மகளே, ஜூலைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது!" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் போகலாம், திரும்புவது தள்ளிப்போகலாம். அதற்காகத்தான் பல நாடுகள் இந்த ஆறு மாத இடைவெளியைக் கேட்கின்றன. அந்தப் பெண் பொறுமையாகவே விளக்கினார். ஏற்றி அனுப்பினால் அங்கே குடிநுழைவு அதிகாரிகள் திருப்பி அனுப்புவார்கள், திரும்ப அழைத்து வரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. டிக்கெட் எடுத்தவன் நான். பெயரையும் எண்ணையும் மூன்று முறை சரிபார்த்த நான் தேதியைப் பார்க்கவில்லை.

முறுக்கு, நேந்திரங்காய் வறுவல், சித்திக்கு என்று அம்மா வெயிலில் காயவைத்த மோர்மிளகாய் எல்லாவற்றோடும் பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். சித்திக்கு நான்தான் போன் செய்தேன். அங்கே விடியப்போகும் நேரம். எங்களை அழைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். குதிரான் சுரங்கத்தைத் தாண்டும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "அவள் சாப்பிட்டிருப்பாளா?" என்று மட்டும் கேட்டார்.

தட்கல் முறையில் 3,500 ரூபாய் கட்டினால் சில நாளில் கிடைத்துவிடும் என்றுதான் நம்பினேன். 2018 முதல் நாட்டில் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், எங்களுக்கு வசதியான கோயம்புத்தூருக்கே போனோம். ஆனால் எங்களைப் போலக் கேரள, தமிழ்நாட்டு எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் எடுத்த பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுமையாக விரிந்திருக்கிறது. கேரளத்தில் எடுத்த ஆதாரிலோ, இங்குள்ள வழக்கப்படி, முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகவரியும் மாறிவிட்டது. முதலில் ஆதாரைத் திருத்தி, பிறகு 1,500 ரூபாய்ச் சாதாரண விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, மார்ச் நடுவில்தான் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. எங்களைப் போல இரண்டு மாநில ஆவணங்களோடு இருப்பவர்கள் பெயரை இப்போதே ஒத்துப் பார்த்துவிடுங்கள். பயணம் முடிவான பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

நகரியிலிருந்து:

அண்ணா, படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது. எங்கள் வீட்டில் சிக்கல் பேரனுடைய பாஸ்போர்ட்டில் வந்தது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் என்ற நினைப்பிலேயே இருந்தோம். குழந்தைகளுக்கு ஐந்தே ஆண்டுகள்தான். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்தது. சிங்கப்பூருக்கு மகளும் பேரனும் கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது, படத்தில் பிள்ளை எவ்வளவு சின்னதாக இருக்கிறான் என்று பார்க்கத் திறந்தேன். நல்லவேளை, அப்போது தேதி கண்ணில் பட்டது. திருப்பதி சேவை மையத்தில் பெற்றோர் இருவரின் ஒப்புதலையும் கேட்டார்கள். மருமகன் சிங்கப்பூரில் இருந்ததால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினார். அதற்கே இரண்டு வாரம் போயிற்று. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால்தான் புதியது வந்தது.

பாறசாலையிலிருந்து:

காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். ஆனால் மீதமிருக்கும் மாதங்களைப் புதியதில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளிப்போட்டேன், வேறொரு பயத்தால். மகனிடம் போவதற்கான என் அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. புதுப்பித்தால் விசாவும் போய்விடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பழையதன் மூலையை வெட்டி ரத்து செய்து திருப்பித் தந்துவிடுகிறார்கள். விசாப் பக்கம் சேதமில்லாமல் இருந்தது. திருவனந்தபுரத்திலும் அமெரிக்காவிலும் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் சேர்த்து நீட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எடுத்துப் பத்து ஆண்டுகளுக்குள்ளும் இருக்க வேண்டும்.

அம்மா பிறகு போனார்களா என்று சொல்லவில்லையே, தம்பி?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

போனோம் ஐயா, சித்திரை மாதத்தில். பத்துமலையில் தைப்பூசக் கூட்டமெல்லாம் இல்லை. 272 படிகளையும் இருவரும் கைகோத்து, நின்று நின்று ஏறினார்கள். மோர்மிளகாயை அம்மா புதிதாகப் போட்டுக் கொண்டுபோனார்.